நூறு சதவீத வருகை

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க ஒரு நாள் காலையில வந்து ஜன்னலுக்குக் கீழ நின்னு உங்க காதாலயே கேட்டுட்டுப் போங்க: எங்க உப்புக்கிடங்குத் தெரு கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல ஒரு திங்கக்கெழம எஸ்தர் டீச்சர் அட்டனன்ஸ் எடுக்கும்போது, வாய்ப் பழக்கத்துல, படிப்பை விட்டு நின்னு எவ்ளோ நாளோ ஆயிட்ட ஒரு பொண்ணோட பேரையும் சேத்து "ஹேமாவதி"ன்னு கூப்பிட்டுட்டாங்க, ஜன்னலோர பெஞ்சுல ஆளே இல்லாத எடத்துலேர்ந்து "உள்ளேன் டீச்சர்"னு கணீர்னு பதில் வந்துச்சி, டீச்சரும் டிக்கு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க.

ஆடிப்போயிட்டாங்களா, சாக்பீசைக் கீழ போட்டாங்களான்னு கேக்கறவங்களுக்கு எங்க பள்ளிக்கூடத்தைத் தெரியாதுன்னு அர்த்தம். ஆறு, ஏழு, எட்டு மூணு கிளாசும் ஒரே ஹாலு. ஆறாங்கிளாஸ் கடல் பக்கத்துச் செவுத்தைப் பாத்து உக்காரும், ஏழாங்கிளாஸ் ரோட்டுப் பக்கத்துச் செவுத்தைப் பாத்து உக்காரும், எட்டாங்கிளாஸ் மிச்சம் இருக்கற எடத்துல குறுக்கால உக்காரும், மூணுக்கும் சேத்து ஒரே டீச்சர். கணக்கு சார் ரிட்டையரு ஆனதுக்கு அப்புறம் அந்த எடத்துக்கு ஆள் வரும் வரும்னு பாத்துப் பாத்து, அவரு சேர்ல சத்துணவு அரிசிக் கோணியை மடிச்சு வெச்சாச்சு. டீச்சர் ஒரு பக்கம் பாத்துப் பாடம் எடுத்தா மத்த ரெண்டு பக்கமும் அவங்க முதுகைப் பாத்துனு உக்காந்திருக்கும். அப்படி நாளெல்லாம் சுத்திச் சுத்தி நிக்கற பொம்பளைக்கு, ஆளில்லாத எடத்துலேர்ந்து பதில் வருதேன்னு ஆச்சரியப்பட ஏது நேரம்? பதில் வந்துச்சா, டிக்கு போட்டாச்சா, அடுத்தது இந்துமதி.

நான் சரளா. பள்ளிக்கூட கேட்டுக்கு எதிர்ல போண்டாக் கடை போட்டிருக்கேன், எம்பொண்ணு அங்கதான் ஆறாவது படிக்குது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவின்னு வேற எம்பேரை எழுதி வெச்சிருந்தாங்க, கூட்டம்னா டீ போட்டு எடுத்துனு போறதுதான் அந்தத் தலைவியோட வேலை. அதனால எனக்குத் தெரியாம அந்தக் கேட்டுக்குள்ள ஒரு காக்கா கூட போவ முடியாது.

ஹேமாவதின்றது மார்க்கெட்டுல மீன் வெட்டற கெஜலட்சுமியோட ஒரே பொண்ணு. கெஜா புருசன் துறைமுகத்துல மூட்டை ஏத்தப் போய் மேலேர்ந்து விழுந்து போய்ச் சேந்துட்டான். பொண்ணை நாங்க எல்லாரும் ஏமான்னுதான் கூப்பிடுவோம். யப்பா, வாயின்னா வாய், அப்படி ஒரு வாய்! போண்டா வாங்க வந்தா கூட கம்முனு வாங்கினு போவாது. "இன்னாக்கா, போன வாரம் எலுமிச்சம்பழம், இந்த வாரம் கோலிகுண்டு, அடுத்த வாரம் கடுகா?"ன்னு கேக்கும். நான் கரண்டியைத் தூக்குவேன், அது ஓடும். ஏழாங்கிளாஸ்ல வாய்ப்பாடு சொன்னா அது குரல் ஒண்ணுதான் தெருவைத் தாண்டி என் கடை வரைக்கும் வரும்.

அப்பேர்ப்பட்டது ஏன் நின்னுச்சின்னா, கக்கூசுக்குக் கதவு இல்லாததாலதான். சிரிக்காதீங்க. பொம்பளைப் புள்ளைங்க கக்கூசுக் கதவை ஏதோ ஒரு புயல் பிச்சி எடுத்துனு போச்சு, கதவைத் தேடிக் கண்டுபுடிச்சி மாட்டறதுக்குள்ள அதுக்கப்புறம் இன்னும் நாலு புயல் வந்து போச்சு, கதவு மட்டும் வரல. புள்ளைங்க காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி வாயில ஊத்தாம, சாயந்தரம் வரைக்கும் அடக்கினு இருந்துட்டு, மணி அடிச்சதும் வீட்டுக்கு விழுந்தடிச்சி ஓடுங்க. ஏமா வயசுக்கு வந்து கொஞ்ச நாள்ல, ஒரு மத்தியானம் யூனிபாரத்துல கறை பட்டுடுச்சி, அலம்பறதுக்குப் போனா தண்ணியும் இல்ல, மறைப்பும் இல்ல, பையனுங்க எட்டிப் பாத்துச் சிரிச்சானுங்க. புத்தகப் பையைப் பின்னாடி புடிச்சி மறைச்சிக்கினே என் கடையைத் தாண்டிப் போச்சு. அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. அதோட சரி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரல.

கெஜா விடியறதுக்கு முன்னாடியே மார்க்கெட்டுக்குப் போவணும். தட்டிக் கதவு போட்ட வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணைத் தனியா விட்டுட்டுப் போனா அவளுக்கு வேலையில மனசு நிக்காது. அதனால ஊரோட அந்தக் கோடியில, லிஃப்ட் வெச்ச ஃபிளாட்டுல, ஒரு கைக்கொழந்தையைப் பாத்துக்கற வேலைக்கு அனுப்பிட்டா. நல்ல எடம், பூட்டு போட்ட எடம், பொண்ணு பத்திரமா இருக்கும்னு என்கிட்டயே நூறு வாட்டி சொல்லிச் சொல்லித் தன்னையே சமாதானம் பண்ணிக்கினா.

நின்ன புள்ளைங்க பேரை எங்க பள்ளிக்கூடத்துல எடுக்கறது கிடையாது, ஏன்னா எடுத்தா தலைக்கணக்கு கொறையும், கொறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிட்டு மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற பெரிய பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. அந்த ரோடு கன்டெய்னர் லாரி போற ரோடு. ராவும் பகலும் மலை மலையா போயினே இருக்கும், பெரிய ஆளுங்களே அதைத் தாண்டறதுக்குள்ள குலதெய்வத்தைக் கூப்பிடுவாங்க. புள்ளைங்க தாண்டினா இன்னா ஆவும்னு எங்க தெருவுல யாரும் வாயைத் தொறந்து சொல்றதில்ல, ஏன்னா ரெண்டு வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதனால குரல் வந்தப்ப நாங்க யாரும் ஏன் வந்துச்சி, எப்படி வந்துச்சின்னு துருவல. ஏமா குரலுக்கு அடுத்தாப்புல லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிட்ட டில்லிபாபு குரல் வந்துச்சி, அதுக்கப்புறம் இறால் உரிக்கப் போனது, பந்தலுக்குக் கம்பு நடப் போனது, தம்பி தங்கச்சியைப் பாத்துக்க வீட்லயே நின்னதுன்னு ஒவ்வொண்ணா வந்து, பேரைக் கூப்பிட கூப்பிட காலி பெஞ்சுலேர்ந்து உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்னு சொல்லிச்சி. புள்ளைங்க ரெண்டு நாள் திரும்பித் திரும்பிப் பாத்துச்சிங்க, மூணாம் நாள் பெஞ்சுல எடம் விட்டு உக்காரப் பழகிடுச்சிங்க, தெரியாம போயி உக்காந்தா "டேய் டில்லி மேல உக்காந்துட்ட பாரு"ன்னு ஒருத்தனை ஒருத்தன் இழுப்பானுங்க. சத்துணவு ஆயா குரலுங்களுக்கும் சேத்து அரிசி போட்டாங்க, முட்டை அவிச்சாங்க, அந்த முட்டை யார் வயித்துக்குப் போச்சுன்னு நான் சொன்னா வீண் சண்டை வரும். கோயில் பூசாரி ஒருத்தர் வந்து வாசப்படியில கற்பூரம் ஏத்தினாரு, ஜெபக்கூட்டத்துக்காரங்க வந்து ஜன்னலோரமா பாடிட்டுப் போனாங்க, குரலுங்க ரெண்டு பேருக்கும் பொதுவா வாய்ப்பாடு சொல்லினே இருந்துச்சிங்க.

பெரியாபீசர் ஒருத்தர் பார்வையிட வந்தாரு. எச்.எம். சபாபதி சாருக்கு வேர்த்து ஊத்துது. கோணியை எடுத்துட்டு கணக்கு சார் சேர்ல ஆபீசரை உக்கார வெச்சாங்க, நான் டீ எடுத்துனு போனேன். டீச்சர் பேர் பேரா கூப்பிட்டாங்க. ஆபீசர் மொதல்ல காலி பெஞ்சைப் பாத்தாரு, அப்புறம் டீச்சர் மூஞ்சைப் பாத்தாரு, அப்புறம் என்ன நெனச்சாரோ, கண்ணை மூடினு காதால எண்ண ஆரம்பிச்சிட்டாரு.

"சரியா இருக்கே"ன்னாரு.

"ஆளுங்க கொஞ்சம்..."னு சார் மென்னு முழுங்கினாரு.

"பேர் கூப்பிட்டா பதில் வரணும். வந்துச்சா இல்லையா? எங்கிட்ட ஆள் வேணும்னு யாரும் கேக்கலையேய்யா"ன்னு சொல்லிட்டு, போண்டா நல்லா இருக்கு யார் கடைன்னு கேட்டாரு.

அந்த வருசம் அந்தப் பக்கத்துலயே எங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் நூறு சதவீத வருகைன்னு கேடயம் கெடச்சுது. வட்டச் செயலாளர் ஆளுயரத்துக்கு பேனர் அடிச்சி கேட்டுல கட்டினாரு. பேனர்ல மேல அவர் போட்டோ, கீழ கோட்டு போட்ட ஏதோ ஒரு வெள்ளைக்காரப் புள்ளை சிரிக்குது, நடுவுல கொட்டை எழுத்துல நூறு சதவீதம். காத்துல கிழியாம இருக்கணும்னு பிளேடால அங்கங்க அரைவட்டமா ஓட்டை போட்டிருந்தாங்க. நாங்க பட்டாசு வெடிச்சோம். பள்ளிக்கூடம் தப்பிச்சிடுச்சி, புள்ளைங்க ரோடு தாண்ட வேணாம், வேற இன்னா வேணும்னு இருந்தோம்.

ஒரு மத்தியானம், எட்டாங்கிளாசுக்கு பூகோளம் நடக்குது, நான் எண்ணெய்ச் சட்டியை எறக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கேன், டில்லிபாபு எடத்துலேர்ந்து "அம்மா"ன்னு ஒரு கத்து. அய்யோ, அந்தக் கத்தை என்னன்னு சொல்லுவேன்! தெருவே எழுந்து நின்னுச்சி. மறுபடியும் "அம்மா, கை, கை"ன்னு கத்துது, காலி பெஞ்சு கத்துது, டீச்சர் ஓடிப்போய் வெறும் பலகையைத் தடவறாங்க, எங்கப்பா வலிக்குதுன்னு கேக்கறாங்க, புள்ளைங்க அழுவுதுங்க. சாயந்தரமாதான் சேதி வந்துச்சி. லாரி ஷெட்டுல ஜாக்கி சறுக்கி அவன் வலது கை அடியில மாட்டிக்கினுது. பக்கத்துலயே நாலு பேர் வேலை பாத்துனு இருந்திருக்காங்க. ஒருத்தன் காதுலயும் ஒரு சத்தமும் விழல, பையன் வாயைத் தொறந்து தொறந்து மூடினு கெடந்திருக்கான், ஸ்பானர் கேட்டு எவனோ குனிஞ்சப்பதான் பாத்திருக்கான். மூணு விரல் போச்சு.

ஷெட்டுக்காரன் சொல்றான், "அவன் சேந்த நாள்லேர்ந்தே பேச மாட்டான்மா, ஊமைன்னுதான் நெனச்சோம். பேசாம வேலை செய்யறானேன்னு எங்களுக்கு சந்தோசம்."

அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல அடுப்பு எரிஞ்ச வீடு கம்மி. புள்ளையை வேலைக்கு அனுப்பின ஒவ்வொரு வீட்டுலயும் யோசிக்கறாங்க: போன வாட்டி வந்தப்ப பேசுச்சா? தலையாட்டுச்சே, பேசுச்சா? கோவமா இருக்கு, பெரிய மனுசனாட்டம் கம்முனு இருக்குன்னு இல்ல நெனச்சோம்!

கெஜா மறுநாள் மீன் வெட்டப் போவல. ரெண்டு பஸ் மாறி அந்த ஃபிளாட்டுக்குப் போனா. பொண்ணு வந்து கதவைத் தொறந்துச்சி, அம்மாவைப் பாத்ததும் வாய் பெருசா தொறந்துச்சி, தொண்டை நரம்பெல்லாம் பொடைச்சிச்சி, சத்தம் மட்டும் வரல. அந்த வீட்டம்மா உள்ளேர்ந்து வந்து, "உங்க பொண்ணு தங்கம்ங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. இதுக்கு முன்னாடி இருந்தவ சரியான வாயாடி"ன்னு சொல்லிட்டு, குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. நல்ல மனுசங்கதான், குத்தம் சொல்றதுக்கில்ல. ஏமா முழங்கைக்குக் கீழ சுட்ட தழும்பு இருந்துச்சி, பழுத்து ஆறின தழும்பு. எப்படிடின்னு கெஜா கேட்டா. அது அடுப்பைக் காட்டுச்சி, பாலைக் காட்டுச்சி, அப்புறம் தழும்பைத் துணியால மூடிக்கினுச்சி.

திரும்பி வந்தவ நேரா டீச்சர்கிட்டதான் போனா, நானும் கூட போனேன்.

"டீச்சர், எம்பொண்ணு எப்பனா இங்க அழுதுச்சா?"

"ஒரு நாள் செய்யுள் எடுத்துனு இருந்தேன் கெஜா. எல்லாரும் கூட சேந்து சொல்லினு இருந்தாங்க. நடுவுல அம்மான்னு ஒரு முனகல் கேட்டுச்சி. நான் ஆறாங்கிளாஸ் பக்கம் திரும்பி நின்னேன்மா. பாட்டுல வர்ற அம்மான்னு நெனச்சிட்டேன்"னு சொல்லிட்டு முந்தானையால மூஞ்சைப் பொத்திக்கினாங்க.

கெஜா எச்.எம். ரூமுக்குப் போனா. "எம்பொண்ணைக் கூட்டினு வந்துடறேன் சார். மறுபடி படிக்கட்டும். கக்கூசுக்கு ஒரு கதவு மட்டும் போட்டுக் குடுங்க, தண்ணி நானே தூக்கியாந்து ஊத்தறேன்"னா.

சபாபதி சார் கெட்டவரு கிடையாது. பயந்தவரு. மேசை மேல இருந்த கேடயத்தைத் தள்ளி வெச்சிட்டு சொன்னாரு. "கதவு கேட்டு எத்தனை வாட்டி எழுதினேன் தெரியுமாம்மா? முன்னாடியாவது புள்ளைங்க நின்னு போவுதுன்னு காரணம் காட்டலாம். இப்ப எழுதினா, கதவு இல்லாமலே உங்களுக்கு நூறு சதவீதம் வருதே, கதவு எதுக்குன்னு திருப்பிக் கேக்கறாங்க. டீச்சர் வேணும்னு எழுதினாலும் இதேதான். நல்லா நடக்கற பள்ளிக்கூடத்துல எதுக்கு கையை வெக்கறீங்கன்றாங்க."

கெஜா வேற வழி பாத்தா. அவ மனசுக்குத் தோணுனது இதுதான்: பேரைக் கூப்பிடறதாலதான் குரல் இங்கயே கெடக்குது, கூப்பிடாம விட்டா அது எங்க போவும், தன் ஒடம்பைத் தேடித்தானே போவும்? நாளைக்கு அந்த லிஃப்டுல மாட்டிக்கினா, நெருப்பு பட்டா, எவனாவது கையைப் புடிச்சா, எம்பொண்ணு கத்தணும்க்கா, பக்கத்துல இருக்கறவங்க காதுல விழற மாதிரி கத்தணும்னு என் கையைப் புடிச்சிக்கினு சொன்னா.

சேதி தண்ணி லாரி வரிசையில பத்திக்கினுது. குடத்தைக் கீழ வெச்சிட்டு பொம்பளைங்க அவளைச் சுத்திக்கினாங்க. "ஒன் பொண்ணு பேரை எடுத்தா அடுத்தவ வந்து எம்புள்ள பேரை எடுன்னுவா, அப்புறம் எல்லாம் போவும். பள்ளிக்கூடத்தை மூடுவான். மிச்சம் இருக்கற புள்ளைங்க ரோடு தாண்டணும். லாரிக்காரனுக்கு நீ பதில் சொல்லுவியாடி?"

"எம்பொண்ணு வாயில்லாம கெடக்குதே, அதுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"ன்னு கெஜா கத்தினா.

டில்லிபாபுவோட அம்மா மட்டும் தன் குடத்தை எடுத்து கெஜா குடத்துக்குப் பின்னாடி வெச்சிட்டு, "கூப்பிட வேணாம்னு சொல்லு கெஜா. எம்புள்ளைக்கு நான் லேட்டா கேட்டேன்"னு சொன்னா. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமா பட்டுச்சி, எம்பொண்ணு ரோடு தாண்டறதை நெனச்சிக்கினு என் குடத்தை மட்டும் நகத்தி வெச்சேன்.

மறுநாள் எஸ்தர் டீச்சர், கெஜா கேட்டுக்கினபடி, கோமதி பேரைக் கூப்பிட்டுட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, ஹேமாவதியைத் தாண்டி இந்துமதிக்குப் போனாங்க. அட்டனன்ஸ் முடிஞ்சி எல்லாரும் உக்காந்ததுக்கு அப்புறம், ஜன்னலோர பெஞ்சுலேர்ந்து மெதுவா, "டீச்சர், எம்பேரு விட்டுட்டீங்க"ன்னு கேட்டுச்சி.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கினாங்க. அடுத்த நாளும் விட்டாங்க. அடுத்த நாளும் அது கேட்டுச்சி. வாயாடியாச்சே, விடுமா? "டீச்சர், நான் இங்கதான் இருக்கேன் டீச்சர்." "டீச்சர், கோமதிக்கு அப்புறம் நான்தான் டீச்சர்." வாய்ப்பாடு சொல்லும்போது கூட சேந்து சொல்லல, சத்தமே போடல, கூப்பிட்டாதான் சொல்லலாம்னு நெனச்சிக்கினு காத்துனு இருந்துச்சி போல. ஒரு வாரம் போச்சு. குரல் எறங்கி எறங்கி, என் கடைக்கே கேக்கற குரல் பக்கத்து பெஞ்சுக்குக் கூட கேக்காத அளவுக்கு ஆயிடுச்சி. ஆனா போவல. அங்க ஃபிளாட்டுல ஏமாவுக்குக் குரல் வரவும் இல்ல.

டீச்சர் கடைக்கு வந்து, டீயை வாங்கி வெச்சிக்கினு குடிக்காம அழுதாங்க. "எனக்கு முடியல சரளா. இருபது வருசமா எத்தனையோ புள்ளைங்க நின்னு போயிருக்கு, நான் ஒண்ணுக்கும் ஓடிப் போய் கூப்பிட்டதில்ல, எனக்கு நேரமில்ல. இது ஒண்ணு என்னைக் கூப்பிடு கூப்பிடுன்னு கெஞ்சுது, இதையும் நானே தொரத்தறேன். கெஜாவை அந்தப் புள்ளையைக் கூட்டினு வரச் சொல்லு. நேர்ல வந்து அதும் பக்கத்துல உக்காரட்டும். அப்பவாவது ஒட்டிக்கும்."

கெஜா, தூரத்து சொந்தம் செத்துப்போச்சுன்னு அந்த வீட்டுல பொய் சொல்லி, பொண்ணை துணிப்பையோட கூட்டினு வந்துட்டா. திருப்பி அனுப்பற எண்ணமே அவளுக்கு இல்ல. பழைய யூனிபாரத்தை இரவல் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேச்சு, தழும்பு தெரியாம சட்டைக் கையை இழுத்து விட்டு, ரெட்டைச் சடை பின்னி, காலையில என் கடைக்கு எதிர்ல கொண்டாந்து நிறுத்தினா. நான் ஒரு போண்டாவைப் பொட்டலம் கட்டி ஏமா கையில குடுத்து, "பாருடி, கடுகு சைசுதான்"னேன். அது சிரிச்சிச்சி. வாயெல்லாம் தொறந்து, தோளெல்லாம் குலுங்க, ஒரு சத்தமும் இல்லாம சிரிச்சிச்சி. எனக்குப் பாக்க முடியல.

உள்ள போனதும் அது நேரா கிளாசுக்குப் போவல. கட்டடத்துக்குப் பின்னாடி போச்சு, நாங்க ரெண்டு பேரும் பின்னாலயே போனோம். கக்கூசுல கதவு இருந்த எடத்துல இப்ப ஒரு மறைப்பு இருந்துச்சி. கேட்டுல இருந்த பேனரை எறக்கி, சத்துணவு ஆயாதான் பாவம், கம்பியில கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. நூறு சதவீதம் பாதிக்கு மேல மடிஞ்சி கெடந்துச்சி. கடல் காத்து அடிக்க அடிக்க பேனர் தூக்கித் தூக்கி விழுது. காத்து போவறதுக்குப் போட்ட ஓட்டைங்க ஒவ்வொண்ணும் கண்ணு மாதிரி தொறந்து தொறந்து மூடுது, உள்ள இருக்கற செவுரு, தரை எல்லாம் அது வழியா தெரியுது. செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ரெண்டு பையனுங்க எச்சி துப்பிப் பந்தயம் வெச்சினு இருந்தானுங்க.

ஏமா பேனர் முன்னாடி நின்னுச்சி. ஓட்டையில ஒரு விரலை விட்டுப் பாத்துச்சி. அப்புறம் திரும்பி அம்மாவைப் பாத்துச்சி. கெஜா, "நான் வந்து நிக்கறேன்டி, தெனமும் வந்து புடவையைப் புடிச்சினு நிக்கறேன்"னா. மீன் வெட்டற பொழப்பை விட்டுட்டு அவ எப்படி தெனமும் வந்து நிப்பான்னு மூணு பேருக்கும் தெரியும்.

மணி அடிச்சிச்சி. ஏமா நடந்து வந்து ஹால் வாசல்ல நின்னுச்சி. டீச்சர் அதைப் பாத்ததும் குரல் ஒடைஞ்சிடுச்சி, ஆனா அட்டனன்ஸ் எடுத்தாங்க. கோமதி வரைக்கும் வந்து நின்னுட்டாங்க. அந்தக் காலி பெஞ்சுலேர்ந்து, கேக்கறதா வேணாமான்னு யோசிச்ச மாதிரி, "டீச்சர், எம்பேரு..."ன்னு ஈனமா வந்துச்சி.

பொண்ணு தன் குரலைத் தானே கேட்டுச்சி. அதோட மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு எனக்குச் சொல்லத் தெரியல, காணாம போன கொழந்தையைக் கண்டவ மூஞ்சியும் இல்ல, தொலைச்சவ மூஞ்சியும் இல்ல. விறுவிறுன்னு போய் பெஞ்சு பக்கத்துல நின்னுச்சி. உக்காரும், உக்காந்துடும்னு கெஜா என் கையை நசுக்கறா. அது உக்காரல. பெஞ்சுல இருந்த தூசியை யூனிபாரம் நுனியால தொடைச்சிச்சி, கொஞ்சம் தள்ளிக் குடுங்கன்ற மாதிரி பக்கத்துப் புள்ளைங்களைக் கையால ஒதுக்கி எடம் பண்ணிச்சி, நான் குடுத்த போண்டாப் பொட்டலத்தை அந்தக் காலி எடத்துக்கு முன்னாடி வெச்சிச்சி. அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பி, கையைத் தூக்கி, கூப்பிடுங்கன்னு காட்டுச்சி. டீச்சர் தலையை ஆட்டி மாட்டேன்னாங்க. அது ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுச்சி.

"ஹேமாவதி"ன்னாங்க டீச்சர்.

"உள்ளேன் டீச்சர்!"

தெருவைத் தாண்டி, என் கடையைத் தாண்டி, தண்ணி லாரி வரைக்கும் கேட்டுச்சாம் அது. பெஞ்சு பக்கத்துல நின்ன பொண்ணோட ஒதடும் கூடவே அசைஞ்சிச்சி. அப்புறம் அது வெளிய வந்து, அம்மா கையிலேர்ந்து துணிப்பையை வாங்கிக்கினு, பஸ் ஸ்டாப்பு பக்கமா நடந்துச்சி.

கெஜா கால்ல விழாத கொறையா கெஞ்சினா, திட்டினா, முதுகுல ரெண்டு வெச்சா கூட. அது நிக்கல. பஸ் வந்துச்சி, ஏறுச்சி, ஜன்னலோரமா எடம் புடிச்சி உக்காந்து கையை ஆட்டுச்சி. வரேன்மான்னு சொல்ல வாய் அசைஞ்சிச்சின்னு கெஜா சொல்றா, நான் பாக்கல, எனக்குக் கண்ணு மறைச்சிடுச்சி.

இப்பல்லாம் கெஜா காலையில மீன் வெட்டிட்டு நேரா பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குக் கீழ வந்து உக்காந்துடறா. அவ மட்டும் இல்ல, வேலைக்குப் போன புள்ளைங்களோட அம்மாங்க எல்லாம் வரிசையா உக்காந்திருப்பாங்க, பூ கட்டறவங்க பூ கட்டுவாங்க, இறால் உரிக்கறவங்க இறால் உரிப்பாங்க, காது மட்டும் உள்ள இருக்கும். புள்ளை எங்கியோ நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சிக்க அவங்களுக்கு இருக்கறது அந்த ஜன்னல் ஒண்ணுதான். அம்மான்னு சத்தம் வராத வரைக்கும் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். வந்தா, பஸ் புடிக்கணும்.

நேத்து நானும் போய் பக்கத்துல உக்காந்தேன். உள்ள ஏழாங்கிளாசுக்கு வாய்ப்பாடு. டீச்சர் ஆரம்பிச்சி விட்டுட்டு ஆறாங்கிளாஸ் பக்கம் திரும்பிட்டாங்க. நம்ம ஏமா குரல்தான் முன்னாடி சொல்லுது, மத்ததுங்க பின்னாடி சொல்லுதுங்க. ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தியொண்ணு. கணீர்னு, தெருவே நிமுந்து பாக்கற மாதிரி. கெஜா கண்ணை மூடிக்கினு ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டறா. ஏழேழு நாப்பத்தியொம்போது. எட்டேழு அம்பத்தி நாலு.

எட்டேழு அம்பத்தி நாலுன்னு அத்தனை புள்ளைங்களும் திருப்பிச் சொல்லுச்சிங்க. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி நின்னுனு இருந்தாங்க, தப்பு அவங்களுக்குக் கேக்கல. கெஜா எழுதப் படிக்கத் தெரியாதவ, கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து, "எப்படிக்கா சொல்லுது பாத்தியா எம்பொண்ணு"ன்னு கேட்டா.

"நல்லா சொல்லுதுடி"ன்னேன்.